பொலித்தீன் சுற்றிய வீடு

அத்தியாயம் 14

“இண்டைக்குப் பொழுதுபட முந்தி, சிவநேசம், நீர் உம்மட சொந்த வீட்டைத் தாண்டிப் போவீர். இது என்ர வீடெண்டு தெரியாமலே போவீர். வேணுமெண்டா சுவரிலை எழுதி வையும்!”

யோகேந்திரன் தேநீர்க் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து இப்படி முழங்கியபோது, சிவநேசம் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கலியாணம் கட்டி முப்பத்தெட்டு வருடங்களாக அவர் முழங்குவதும், அவள் பட்டர் பூசுவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் இதுவரை விட்ட புளுகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சென்லோரன்ஸ் ஆற்றுக்குக் குறுக்கே இன்னொரு பாலம் போடலாம். லொறிகூடப் போகலாம்.

“நான் எங்கை தாண்டிப் போறது? நீங்கள் காரை எடுத்தாத்தானே எனக்குத் தெரு. வீட்டைத் தாண்டுறதெண்டா குசினியாலை எழும்பி ஹோலுக்குப் போறதுதான்.”

“பாரும், பாரும்.”

“எத்தினை பாத்திட்டன்.”

சென்ற வாரம் இவர்களை நாம் விட்டுவந்தபோது, வீட்டுச் செங்கல்லுக்கு என்ன நிறம் அடிப்பது என்று சண்டை பிடித்து இருவரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காமல் படுத்துவிட்டார்கள். விடியும்போது வெள்ளை வென்றிருந்தது. கதவுக்குக் கருநீலம். அது அவளுக்கு விட்டுக்கொடுத்தது.

மொன்றியலுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்யில் அந்தத் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுபதுகளில் யாரோ ஒரு கட்டடக்காரன் ஒரே படத்தை வைத்து முழுத் தெருவையும் கட்டிவிட்டான். தரையோடு நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடக்கும் ஒற்றை மாடி வீடுகள். எல்லாவற்றுக்கும் ஆறிப்போன பருப்புக்கறியின் நிறத்தில் செங்கல். கீழறை அரைவாசி நிலத்துக்குள் புதைந்திருப்பதால் வாசல் ஆளுயரத்தில் இருக்கும். படியில்லாமல் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. சிவநேசம் தன் வீட்டை அடையாளம் காண்பது இரண்டு பொருட்களால். முன்வாசலுக்கு மேலே பச்சையும் வெள்ளையுமாக வரிபோட்ட அலுமினியக் கூரை ஒன்று. ஜன்னலை அரைவாசி மூடி வளர்ந்த ஊசியிலைப் பற்றை இன்னொன்று.

முன்பு மொன்றியல் நகருக்குள், வில்லரேயில் மூன்றாம் மாடியில் இருந்தபோது அவளுக்கு அடையாளமே தேவைப்படவில்லை. படியால் இறங்கினால் தெப்பனேர் என்ற மூலைக்கடையில் பால், இரண்டு கடை தள்ளி முருங்கைக்காய், மூலையில் மெட்ரோ. இங்கே வந்து ஒன்றரை வருடம். நடந்து போய் வாங்கக்கூடியது காற்று மட்டும்தான். ஒரு கட்டுக் கறிவேப்பிலைக்கும், “இஞ்சேருங்கோ, ஒருக்காப் போவமே?” என்று கேட்க வேண்டும். அவர் ‘ஓம், ஓம், பேந்து’ என்று பிறகுக்குத் தள்ளுவார். அந்தப் பேந்து அடுத்த கிழமைதான் விடியும்.

ஒருநாள் அவள் துணிந்து கேட்டாள். தானும் லைசென்ஸ் எடுத்தால் என்ன என்று.

“உமக்கேன் லைசென்ஸ்? நான் என்ன செத்தா போயிட்டன்?” என்று யோகேந்திரன் சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் அலுமாரிக்குள் இருந்த பீங்கான்கள் கிணுகிணுத்தன.

அடுத்த செவ்வாயிலிருந்து பக்கத்து வீட்டுக் கத்தரினிடம் பிரெஞ்சு படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகத் தொடங்கினாள்.

கத்தரின் நல்ல மனுஷி. புருஷன் இல்லாதவள். இரகசியம் என்றால் சீனியைக் கண்ட எறும்பு. அவளுடைய வீட்டின் பின்பக்க ஒழுங்கையில் செவ்வாயும் வெள்ளியும் ஒரு கார் வந்து நிற்கும். கூரையில் பலகை வைத்த கார். உள்ளே கார் பழக்கும் கிருபானந்தன். பனிக்காலம் முழுவதும், பனியில் சறுக்கி, வழுக்கி, ஒருமுறை ஒரு குப்பைத்தொட்டியைக் கட்டித் தழுவி, சிவநேசம் படித்த பிரெஞ்சு அதுதான்.

இன்றைக்கு இரண்டு மணிக்கு ரெஸ்ற்.

ஏன் இன்றைக்கு? அங்கேதான் அவள் தன்னைத்தானே பொறியில் போட்டுக்கொண்டாள். நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் புதுக் காரியம் ஒன்றும் தொடங்கக்கூடாது. இன்றைக்கு ஆனி கடைசி வெள்ளி, நல்ல நாள். ரெஸ்றுக்குத் திகதி கேட்டபோது இந்த நாளைத்தான் பிடிவாதமாக வாங்கினாள். பிறகு வீடு திருத்தும் வேலைக்கு நாள் பார்த்தபோதும் சுவர்க் கலண்டரில் அதே தாள்தான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

மேசன் ஹென்றி தலையைச் சொறிந்தான். முதலில் முன்படி, அது காய்ந்த பிறகு பின்பக்க மரத்தளம், எல்லாம் முடிய பெயின்ற் என்பது அவனுடைய கணக்கு. சிவநேசம் தன் அரைகுறை ஆங்கிலத்தைக் கத்தரினை மொழிபெயர்க்க வைத்து அடித்துச் சொல்லிவிட்டாள்: எல்லாம் வெள்ளிக்கிழமை, எல்லாம் ஒரே நல்ல நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹென்றிக்கும் வாய்ப்பாய்ப் போயிற்று. அன்று பின்னேரத்தோடு கியூபெக் முழுவதும் கட்டட வேலைக்காரர்கள் இரண்டு கிழமை லீவில் போகிறார்கள். அதற்குப் பிறகு ஆணி ஒன்று அடிக்கவும் ஆள் கிடையாது.

அவன் தன்னுடைய ஆட்கள், தம்பியின் ஆட்கள், மச்சானின் ஆட்கள் என்று ஒரு படையையே கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். பார்த்தவர்கள் யாரோ லொங்குய்யைப் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சிவநேசம் முன்படியில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தாள். ஹென்றி தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதுதான் தாமதம், முன்படி தேங்காயைவிடச் சின்னதாக உடைந்தது. அதே நேரத்தில் பின்பக்கத்தில் மரத்தளம் ‘கடகட’ என்று சரிந்தது. வரிக்கூரை பிடுங்கப்பட்டது. பற்றை வேரோடு போயிற்று. பிறகு பெயின்ற்காரர்கள் வந்து ஜன்னல், கதவு ஒன்றும் விடாமல் வெளியிலிருந்து பொலித்தீனால் மூடி, சுற்றிவர ரேப் ஒட்டிவிட்டு, செங்கல்லுக்கு வெள்ளையை விசிறத் தொடங்கினார்கள்.

வீட்டுக்குள் பால்போல ஒரு மங்கல் வெளிச்சம். காற்று இல்லை. நாலு பக்கமும் ‘சீ...’ என்ற இரைச்சல்.

சிவநேசம் முன்கதவை ஒரு விரற்கடை திறந்து, பொலித்தீனுக்குப் பின்னால் தெரிந்த நிழலிடம் கத்தினாள். “ஹென்றி! புதுப் படிக் கொங்கிரீட் மத்தியானம் காயும்தானே?”

நிழல் சிரித்தது. “லன்டி, மதாம்! லன்டி!”

அவளுக்கு அவ்வளவு பிரெஞ்சு தெரியும். திங்கட்கிழமை.

அவள் கதவில் சாய்ந்து நின்றாள். முன்னுக்குப் படியில்லை. பின்னுக்குத் தளமில்லை. ஜன்னலுக்கு முகமில்லை. இத்தனையும் அவளே நாள் பார்த்து, நேரம் பார்த்து, தேங்காயும் உடைத்துச் செய்தது.

யோகேந்திரன் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இதைவிடச் சந்தோஷமான மனிதனை அன்று முழு மொன்றியலிலும் தேடிப் பிடிக்க முடியாது.

“பாத்தீரே? முட்டைக்குள்ளை குஞ்சு மாதிரி ரெண்டு பேரும். ஒருத்தரும் வரேலாது, ஒருத்தரும் போகேலாது. ரெலிபோன்காரன்கூட வந்து மணியடிக்கேலாது. வாரும், இப்பிடி இரும். நான் சுறாவோடை மல்லுக்கட்டின கதை சொல்லுறன்.”

“அது போன கிழமை பாரை மீன்.”

“வளந்திட்டுது.”

சுறா பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் அவரை இழுத்துக்கொண்டு போய், வழியில் களைத்து, அவரிடமே தண்ணீர் கேட்ட இடம் வந்தபோது சிவநேசம் மணிக்கூட்டைப் பார்த்தாள். பன்னிரண்டு தாண்டிவிட்டது. அவளுக்கு நெஞ்சுக்குள் யாரோ பொலித்தீன் ஒட்டுவதுபோல் இருந்தது.

இந்த ரெஸ்றை விட்டால் அடுத்த திகதி புரட்டாதியில். அதற்குள் இவருக்கு எப்படியும் தெரிந்துவிடும். தெரிந்தால் சிரிப்பார். ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பிறகு அவளே மனம் தளர்ந்து, வீட்டுக் காரின் இடப்பக்கத்து ஓட்டுநர் சீற்றில் ஒருநாளும் உட்காராமலே போய்விடுவாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். கத்தரின். கிருபானந்தன் வந்து பின் ஒழுங்கையில் நிற்கிறானாம். ஏன் வரவில்லையாம்.

“ஆர்?” என்றார் யோகேந்திரன்.

“கத்தரின். நான் போகவேணும்.”

“எங்கை?”

“பிரெஞ்சு வகுப்பு.”

“ஒரு நாள் விட்டா பிரெஞ்சு செத்திடுமே?”

“இண்டைக்குச் சோதனை.”

“சோதனையோ? உந்த வயசிலை உமக்கு ஆர் சோதனை வைக்கிறது? வேண்டாம், பேசாமல் இரும். பொலித்தீனைக் கிழிச்சா பெயின்ற் முழுக்க உள்ளுக்கு வரும். கட்டிலும் வெள்ளை, நானும் வெள்ளை.”

சிவநேசம் குசினிக்குப் போனாள். மீன் வெட்டும் கத்தியோடு திரும்பி வந்தாள்.

யோகேந்திரன் காலை மடக்கிக்கொண்டார். “என்ன, கொலையே?”

அவள் அவரைத் தாண்டிப் பின்னறைக்குள் போனாள். ஜன்னலை ஒரு பக்கம் தள்ளி, பொலித்தீனின் நடுவில் கத்தியைக் குத்தி, மேலிருந்து கீழே ஒரே இழுவை. பிள்ளை பிறந்தாற்போல் வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது.

கீழே பார்த்தாள். உடைத்த மரத்தளம் ஆணி நிமிர்ந்த பலகைகளாய்க் குவிந்து கிடந்தது. ஏணி வைக்கவும் இடமில்லை. அந்தக் குவியலுக்கு அப்பால் ஹென்றி மண் அள்ளும் சின்ன லோடரில் உட்கார்ந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ஹென்றி!”

அவன் பார்த்தான். கத்தியோடு ஒரு பெண்மணி. சான்ட்விச் விழுந்துவிட்டது.

சிவநேசம் லோடரின் முன்னால் இருந்த மண் அள்ளும் கோப்பையைக் காட்டினாள். தன்னைக் காட்டினாள். நிலத்தைக் காட்டினாள். பிறகு கத்தியைத் தற்செயலாக ஒருமுறை ஆட்டினாள். ஹென்றி உடனே இயந்திரத்தை முடுக்கினான்.

கோப்பை மேலே எழும்பி வந்தது. ஆனால் அது உயர்ந்ததும் ஹென்றிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. சுவரில் மோத வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் புது வெள்ளையும் போய், பழைய செங்கல்லும் போய்விடும்.

“அ கோஷ்!” என்று சிவநேசம் கத்தினாள். இடது பக்கம்.

கோப்பை இடது பக்கம் திரும்பியது.

“துஸ்மோ, துஸ்மோ...” மெதுவாக, மெதுவாக. “ரெகுல்! இன்னும் ரெகுல்!” பின்னுக்கு. “அ துருவாத்! அரே!”

வலது. நில். கோப்பை ஜன்னலின் ஓரத்தில் வந்து, பால் குடிக்க வந்த பூனைபோல் அடக்கமாக நின்றது. ஹென்றியின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

சிவநேசம் கதிரையில் ஏறி, ஜன்னலில் ஏறி, சேலையைச் செருகிக்கொண்டு கோப்பைக்குள் இறங்கி நின்றாள். தேரில் ஏறிய அம்மனுக்குக்கூட அப்படியொரு நிமிர்வு இருந்திருக்காது.

திரும்பினாள். யோகேந்திரன் ஜன்னலில் நின்றார். சிரிக்கவில்லை.

“உதென்ன பிரெஞ்சு?” என்று கேட்டார். “வணக்கம் இல்லை, சுகமோ இல்லை. இடது, வலது, பின்னுக்கு, நில். உது முழுக்க ரோட்டுப் பிரெஞ்செல்லே.”

கோப்பைக்குள் நின்றபடி முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். இரகசியம் வெளியே வந்துவிட்டது. ஆளும் அரைவாசி வெளியே. இப்போது அந்தச் சிரிப்பு வரும். பீங்கான் கிணுகிணுக்கும்.

“எத்தினை மாசம்?”

“மார்கழியிலை இருந்து.”

“பனிக்குள்ளையோ?”

“ஓம்.”

யோகேந்திரன் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தாள். ஹென்றி கீழேயிருந்து என்னவோ கேட்டான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அப்போதுதான் நினைவு வந்தது: கைப்பை கட்டிலில் கிடக்கிறது. பழகுநர் அட்டை அதற்குள். மூக்குக்கண்ணாடியும் அதற்குள். அவர் தராவிட்டால் போயும் பிரயோசனமில்லை.

அவர் திரும்பி வந்தார். ஒரு கையில் கைப்பை. மற்றக் கையில் கண்ணாடியை எடுத்து, சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மற்றப் பக்கமும் துடைத்தார்.

“போட்டுக்கொண்டு போம்,” என்றார். “கண் தெரியாமல் ஓடி ஆரையும் இடிச்சுப்போட்டு என்ர பேரைக் கெடுக்காதேயும்.”

கிழிந்த பொலித்தீனுக்குள்ளால் வெள்ளைத் தூவானம் வந்து அவருடைய தலையில் படிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

“துஸ்மோ,” என்றாள் சிவநேசம் ஹென்றிக்கு. கோப்பை இறங்கியது.

* * *

பரீட்சை வைத்த மனுஷிக்குச் சிரிப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைப் போலிருக்கிறது. “அ துருவாத்,” என்றாள். சிவநேசம் வலது பக்கம் திருப்பினாள். “அ கோஷ்.” திருப்பினாள். இரண்டு காருக்கு நடுவில் பின்னுக்கு எடுத்து விடச் சொன்னாள். ஒரு லோடரையே ஜன்னலில் கொண்டுவந்து நிறுத்தியவளுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? கார் கோட்டுக்குள் போய்ச் சப்பணம் கட்டி உட்கார்ந்தது.

பாஸ்.

கிருபானந்தன் வெளியே நின்று துள்ளினான். “அக்கா! முதல் தரமே! என்னட்டைப் பழகின பெடியள் மூண்டு தரம், நாலு தரம் ஓடினவங்கள்!”

“சத்தம் போடாதை தம்பி. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும். இந்தாங்கோ திறப்பு. வீட்டை நீங்களே ஓடுங்கோ. இண்டைக்கு நான் பசெஞ்சர்.”

அவள் ஓடினாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, பெருந்தெருவில் ஓடினாள். ஒன்றரை வருடமாகப் பக்கத்துச் சீற்றிலிருந்து பார்த்த அதே கடைகள், அதே மரங்கள். இன்றைக்கு எல்லாம் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தது. தன் தெருவுக்குள் திருப்பினாள். வரிக்கூரையைத் தேடிக்கொண்டே போனாள். பருப்புக்கறி வீடு, பருப்புக்கறி வீடு, யாருடையதோ அழகான வெள்ளை வீடு, பருப்புக்கறி வீடு.

தெரு முடிந்துவிட்டது.

“அக்கா, எங்கை போறியள்?” என்றான் கிருபானந்தன். எப்போதும் பின் ஒழுங்கையால் வந்து போகிறவன். அவனுக்கு முன்பக்கம் தெரியாது.

“பொறு, கதையாதை. வேகம் பாக்கிறன்.”

திருப்பிக்கொண்டு வந்தாள். மீண்டும் மற்ற முனை வந்துவிட்டது.

மூன்றாம் முறை, அந்த வெள்ளை வீட்டின் ஜன்னலில் ஒரு மனிதன் இரண்டு கையையும் ஆட்டிக் கூத்தாடிக்கொண்டிருப்பதைக் கண்டாள். தலை முழுவதும் வெள்ளை. கார் தானாகவே நின்றது.

வெள்ளைச் சுவர். கருநீலக் கதவு. கறுப்பு ஜன்னற் பலகைகள். பற்றை நின்ற இடத்தில் சுத்தமான மண். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். அதே வீடு. ஏதோ முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது.

கிருபானந்தனை அனுப்பிவிட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். படை முழுவதும் போய்விட்டிருந்தது. பொலித்தீன் இல்லை, லொறி இல்லை, லோடர் இல்லை, ஹென்றியின் சான்ட்விச் தாள்கூட இல்லை. வாசலுக்கு முன்னால் பலகை அடித்து ஊற்றிய ஈரக் கொங்கிரீட் மட்டும் கிடந்தது. அதுவும் இரண்டே படி.

“என்ன?” என்றார் யோகேந்திரன் மேலேயிருந்து.

“பாஸ்.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். பிறகு தெருவையே கூட்டுவதுபோல் கத்தினார். “கத்தரின்! கேக்குதோ? என்ர மனுஷி பாஸ்! முழுக் கியூபெக்கிலும் முதலாவது!”

“ஐயோ, மெல்ல. மிச்சப் படி எங்கை?”

“லீவு முடிஞ்சு வந்துதானாம் ஊத்துறது. ரெண்டு கிழமை. ஏணியையும் கொண்டு போயிட்டாங்கள். என்னை உள்ளை வைச்சு.” அவர் எட்டிப் பார்த்தார். “நீர் ரெண்டு தரம் தாண்டிப் போனீர். நான் எண்ணினனான்.”

“நான் ஒண்டையும் தாண்டேல்லை. வேகம் பாத்தனான்.”

“சரி, சரி.”

“கார்த் திறப்பைப் போடுங்கோ.”

யோகேந்திரன் சேட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார். அந்தத் திறப்பு வேறு ஒருவர் கைக்கும் போனதில்லை. “எங்கை போகப்போறீர்?”

“பால் முடிஞ்சுது.”

“பாலுக்கு மட்டும்தானே?”

அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் திறப்பை வெளியே எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, பிறகு கொங்கிரீட்டில் விழாமல் குறி பார்த்து எறிந்தார். அது புது மண்ணில் விழுந்தது. சிவநேசம் எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

வேலைக்காரருக்கு இடம்விட்டுக் கத்தரினின் முற்றத்தில் நிறுத்தியிருந்த காரை முடுக்கினாள். சீற்றை முன்னுக்குத் தள்ளினாள். பின்பார்க்கும் கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். மெதுவாகப் பின்னுக்கு எடுத்துத் தெருவில் விட்டாள். இடது பக்கம் போனால் பால் விற்கும் கடை. வலது பக்கம் போனால் பாலம், பாலத்துக்கு அப்பால் வில்லரே.

“கத்தரின்ரை ஏணி இருக்கோ எண்டு ஒருக்காக் கேளும்!” என்று யோகேந்திரன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

“ஓம், ஓம்,” என்றாள் சிவநேசம். “பேந்து.”

வலது பக்கத்துச் சிக்னலைப் போட்டாள். கார் கொஞ்சம் உருண்டது. பிறகு நின்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

“இஞ்சேருங்கோ!”

“என்ன?”

“நீங்கள் சொன்னது சரி. தாண்டித்தான் போனனான். ரெண்டாந் தரம் போகேக்கை, ஆரின்ர வீடோ, நல்ல வடிவாய் இருக்கெண்டும் நினைச்சனான்.”